சுக்கான் பலகையில் வந்த குமிழிகள்

கணவன் சபீரின் இரண்டு கைகளும் சிவந்து தடித்துக் கொப்புளம் கட்டிய பிறகுதான் ஜஸீனா பட்டறைக்குள் வந்தாள். தேங்காப்பட்டணத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே படகுப் பட்டறை. மரத்தில் தண்ணீர் ஏறாமலிருக்கப் பூசும் எபாக்சி ரெசின் சபீருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனி தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மரம் அறுப்பதும் இழைப்பதும் அவனுக்கு, பூச்சு வேலை அவளுக்கு என்று ஆயிற்று.

ஜஸீனாவுக்கு எதையும் பிரித்துப் பார்க்கிற குணம். கல்யாணமான புதிதில், சத்தம் ஏன் மாறுகிறது என்று பார்க்க, நன்றாக ஓடிய மிக்ஸியைக் கழற்றி மாமியாரிடம் வசவு வாங்கியவள். ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்தால் டப்பா சுடுவது அவளுக்குப் பிடித்துப்போனது. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு துடுப்புகளில் பூசிப் பழகினாள்.

பிறகு பக்கத்து ஊரான இனயத்து மீனவர் நேசையன் தன் வள்ளத்துக்கு ஒரு சுக்கான் பலகை கேட்டார். விடியற்காலையில் தெருப் புழுதி கிளம்பும் முன்பே ஜஸீனா அதில் ஒரு பக்கத்தைப் பூசி முடித்தாள். அப்போது கண்ணாடிபோல் இருந்தது. வெயில் ஏறியதும் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாகக் குமிழி.

மரம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி பூசினாள். மெதுவாகக் கலக்கிப் பார்த்தாள், பிரஷை மாற்றிப் பார்த்தாள். குமிழி போகவில்லை.

"மரம் ஈரமா இருக்குமோ?" என்று கேட்டாள்.

"நல்லாக் காஞ்ச அயினியாக்கும் ஏட்டி. மரத்தைக் குத்தம் சொல்லாத," என்றான் சபீர்.

அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் பலகையைத் திருப்பிப் போட்டாள். காலையில் நாத்தனார் வீட்டில் பெண் பார்க்க ஆள் வந்ததால், சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் பூச நேரம் கிடைத்தது. அடுத்த நாள் பார்த்தால், ஒரு குமிழிகூட இல்லை. அதே மரம், அதே ரெசின், அதே கை. பிறகு ஏன்?

சமையலறையில் கண்ணாடிப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி ஒரு அயினித் துண்டை அமுக்கிப் பிடித்தாள். துண்டின் முனையிலிருந்து பொடிப்பொடியாகக் காற்று கிளம்பியது.

"இஞ்ச வந்து பாருங்க!"

சபீர் எட்டிப் பார்த்தான். "மரத்தைக் குழம்பு வைக்கியா?"

"சூடானா மரத்துக்குள்ள இருக்க காத்து வெளிய வருது பாத்தியளா? காலையில பூசினா, வெயில் ஏற ஏற இதுதான் ரெசினைக் குத்திக்கிட்டு வருது. சாயங்காலம் மரம் ஆறும்லா, அப்போ ரெசினை உள்ள இழுத்துக்கும்."

சபீர் துண்டை வாங்கித் தானே அமுக்கிப் பார்த்தான். தண்ணீர் ஆறியதும் குமிழி நின்றது. மறுபடி பார்க்க அடுப்பில் இன்னொரு தடவை தண்ணீர் வைக்கச் சொன்னான்.

அன்று மாலை, குமிழி வந்த பக்கத்தைச் சுரண்டித் தேய்த்து ஜஸீனா மறுபடி பூசினாள். இந்தத் தடவை பூச்சு குமிழியில்லாமல் காய்ந்தது.

நேசையன் வந்து கண்ணை மூடிக்கொண்டு பலகை முழுவதும் நகத்தால் தடவினார். நகம் எங்கும் தட்டவில்லை.

"வெள்ளம் கேறுமா மக்களே?" தண்ணீர் மரத்துக்குள் ஏறுமா என்று ஜஸீனாவிடம் கேட்டார்.

"கேறாது. ஆனா வெயில் பட்டா மஞ்சளாவும், இதுக்கு மேல பெயின்ட் அடிக்கணும்."

"இவ்வளவு மினுக்கிட்டு அதை மறைக்கவா?" நேசையனுக்கு மனசே வரவில்லை. பலகையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கடற்கரையில் எல்லோருக்கும் காட்டினார். ஒரு வாரம் கழித்து நீலப் பெயின்ட் டப்பாவோடு திரும்பி வந்தார்.