அக்கரைத் தையல்காரி ரயிலேறிய காலை

ஆற்றுக்கு அக்கரையில் குடியிருப்பவர்கள் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள் என்று நகரத்தில் ஒரு பேச்சு. பொய் என்று அடித்துச் சொல்ல முடியுமா? இருந்ததே ஒரு பாலம். அதில் பேருந்து எறும்பு மாதிரி ஊரும். அங்கே குடியிருந்த தையல்காரி அக்காவின் தையலில் ஒரு பிசிறு பார்க்க முடியாது. என்ன பிரயோஜனம்? தைக்கிற வேலை கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினாள். "அக்கரையா? கல்யாணம் முடிஞ்சப்புறம்தான் துணி வரும்" என்று சிரித்தே அனுப்பிவிட்டார்கள். புருஷன் இடுப்பொடிந்து படுத்துக்கிடக்கும் வீட்டில் அவள் மெஷின் ஓடினால்தான் அடுப்பு எரியும்.

அப்போதுதான் ஆற்றுக்கு மேலே புது ரயில் வந்தது. கடை திறக்கும்போதே மாதிரிக்கு ஒரு கவுனோடு வந்தால் வேலை தருவதைப் பற்றிப் பேசலாம் என்றிருந்தார், குழந்தைத் துணிக்கடை முதலாளியம்மா ஒருவர். இதுவும் கைவிட்டுப் போனால் மெஷினை விற்க வேண்டியதுதான்.

நாத்தனாரைத் துணைக்கு இழுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். நகரும் படிக்கட்டில் கால் வைக்கவே கூசியது. அடேயப்பா, தரையில் முகம் தெரிந்தது! சத்தமே இல்லாமல் ரயில் வந்து நின்று, கதவு தானாகத் திறந்தது.

அங்கேதான் பேருந்துப் புத்தி வேலையைக் காட்டியது. அக்கரைக்காரர்கள் பேருந்து ஜன்னல் வழியாகப் பையைச் சீட்டில் வீசி இடம் பிடித்துவிட்டு, சாவகாசமாக ஏறுவார்கள். பை கிடக்கும் சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அக்காவும் கவுன் இருந்த பையை உள்ளே வீசிவிட்டு, "இடம் புடிச்சாச்சு, வாடி!" என்று நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். கதவு மூடிக்கொண்டது. பை மட்டும் நகரத்துக்குப் புறப்பட்டது.

"ஐயோ, என் பொழப்பே போச்சே!"

"பெட்டியே காலியாத்தான அண்ணி இருந்துச்சு, எதுக்கு இடம் புடிச்சீங்க?" நாத்தனார் தலையிலடித்துக்கொண்டாள்.

சீருடைப் பெண் ஒருத்தி ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டு, கையிலிருந்த கருவியில் நாலு வார்த்தை பேசினாள். "அழாதீங்கம்மா. அடுத்த ஸ்டேஷன்ல எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். அடுத்த வண்டியில போய் வாங்கிக்குங்க."

"அடுத்த வண்டி எப்போ, மத்தியானமா?"

"இதோ வருது பாருங்க."

வந்தேவிட்டது! கீழே ஆறு விரிந்து கிடந்தது. பாலத்தில் பேருந்துகள் அசையாமல் நின்றன. இத்தனை வருஷம் அதற்குள்ளேயா நசுங்கிக் கிடந்தோம் என்று அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நிலையத்தில் ஒரு காவலாளி பையோடு நின்றுகொண்டிருந்தார். அவரைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினார்கள்.

போய்ச் சேர்ந்தபோது கடை இன்னும் பூட்டியே இருந்தது. முதலாளியம்மா வந்து திறந்து, கவுனை உள்பக்கம் திருப்பித் தையலை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. வீடு பக்கத்துலயா?"

ஆமாம் என்று சொல்லச் சொல்லி நாத்தனார் முதுகில் கிள்ளினாள்.

"இல்லீங்க. அக்கரை."

முதலாளியம்மா கவுனை மேஜைமேல் வைத்தார். "நான் இதே தெருவுலதான் இருக்கேன். எனக்கு முன்னாடி வந்து நிக்கிறீங்க!" வெட்டிய துணி மூட்டை ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "இந்த மாதிரி தைக்கிறவங்க அங்க வேற யாராவது இருக்காங்களா?"

அக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"தெருவுக்கு நாலு பேர் இருக்காங்கம்மா," என்றாள்.