தொலைத்தவள் இல்லை பாஞ்சாலை

விருத்தாசலத்துச் செராமிக் கம்பெனி என்றால் வெளியூர்க்காரர்கள் பொம்மையையும் பூ ஜாடியையும் நினைத்துக்கொள்கிறார்கள். பாஞ்சாலை இருபத்திரண்டு வருடமாகச் செய்வது அதுவல்ல. உங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்குள் வெள்ளையாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டை இருக்கும். கரண்ட் போனால் முதலில் அதைத்தான் பிடுங்கிப் பார்ப்போம். அதன் விளிம்பு கையைக் கிழிக்காமல் வழவழவென்று இருந்தால், சூளைக்குப் போகும் முன்பே பாஞ்சாலையைப் போன்ற ஒருத்தி பிசிறைச் சுரண்டி எடுத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. எட்டாவது வரை படிப்பு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். கணவர் சாமிதுரை வேப்பூர் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருவார். பாஞ்சாலைக்கு ஒரு வழக்கம் உண்டு. கைக்கு வரும் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் மடிக்க மாட்டாள். பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, ரேஷன் கடை பில் எல்லாவற்றையும் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால், "மெதுவாத்தான் படிப்பேன், நீங்க வேணா முன்னாடி போங்க" என்பாள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு அவளுடையது. நான் ஏழு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்த ஐப்பசியில்தான் அது நடந்தது.

மாலை ஆறு மணி. தூறல். வழக்கமாகக் கூட நடந்து வரும் ராஜம்மாள் அன்று லீவு. கம்பெனி ரோட்டில் தண்ணீர் டேங்க் பக்கம் வரும்போது பைக்கில் இரண்டு பேர் வந்து ஜங்ஷனுக்கு வழி கேட்டார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இருந்தவன் அவள் கையிலிருந்த போனை இழுத்தான். பாஞ்சாலை விடவில்லை. வண்டி அவளையும் சேர்த்து நாலடி இழுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டுப் பறந்தது. அரசு ஆஸ்பத்திரியில் இடது மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் நந்தகுமார் நிமிராமலே கேட்டார்.

"என்னம்மா?"

"போன புடுங்கிக்கினு போயிட்டானுவ சார். கம்பெனி ரோட்டுல, தண்ணி டேங்க் கிட்ட."

"எத்தன மணிக்கு?"

"ஆறு."

"மழைக்காலத்துல, இருட்டுற நேரத்துல, தனியா ஒரு பொம்பள போன ஆட்டிக்கிட்டே போனா, எவன் சும்மா வுடுவான்?"

"ஷிப்டு ஆறு மணிக்குத்தானே சார் வுடுறாங்க. நாலு மணிக்கே வுடச் சொல்லி மொதலாளிக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி நம்பரு பாத்தியா?"

"நான் கீழ கெடந்தேன். நம்பரு மேல இருந்துது."

"யாரு கூடவாச்சும் சண்ட, கிண்ட? தெரிஞ்சவன் எவனாச்சும்?"

"தெரிஞ்சவனா இருந்தா வூட்டுக்கே போயி வாங்கியாந்திருப்பேன் சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். கடையில் வெள்ளைத்தாள் இரண்டு வாங்கிவரச் சொன்னார். வாங்கி வந்தேன். குரலைத் தாழ்த்தி, உதவி செய்கிற தொனியிலேயே சொன்னார்.

"படிச்ச பொண்ணு, புரிஞ்சிக்கோங்க. தொலைஞ்சிடுச்சின்னு எழுதுங்க. அஞ்சு நிமிஷத்துல ரசீது போட்டுத் தரேன், அத வச்சி சிம் கார்டு வாங்கிக்கலாம். புடுங்கிட்டான்னு எழுதினா எஸ்.ஐ. வரணும், ஸ்பாட் பாக்கணும், கேஸு போடணும். அந்தம்மா கைய வச்சிக்கிட்டு இங்கியும் அங்கியும் அலையணும். எதுக்கு?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெளியூர்களில் நான் இரண்டு முறை பையைப் பறிகொடுத்திருக்கிறேன். இரண்டு முறையும் தொலைத்ததாகவே எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தவள். அனுப்புநர், பெறுநர் போட்டேன். 'பொருள்: கைபேசி தொலைந்தது தொடர்பாக' என்று எழுதினேன். நாலு வரியில் மனு முடிந்தது. கையெழுத்துப் போடச் சொல்லி பாஞ்சாலையிடம் நீட்டினேன்.

அவள் விரலை வைத்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இது யாரு போனப் பத்தி பாப்பா எழுதியிருக்கிற?"

"உங்களுதுதான்க்கா."

"நான் தொலைச்சேனா?"

"ரசீது வாங்கத்தான்க்கா. சும்மா ஒரு பேப்பரு."

மாவுக்கட்டுப் போட்ட கையை மேசைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "அப்ப இது? போனத் தேடப் போயி ஒடைச்சிக்கினேனா?"

அவள் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "நடந்தத எழுதிக்கினா கையெழுத்துப் போடுறேன் சார்" என்றாள். எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருப்பதாகவும் நாளைக்கு வரும்படியும் நந்தகுமார் சொன்னார்.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்தோம். விஷயத்தைக் கேட்டதும் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். கல்லாவில் இருந்த உஸ்மான் பாய் சொன்னார்: "எங்க மச்சான் வண்டியக் காணோம்னு போனாரு. ஆர்.சி. எங்க, இன்சூரன்ஸு எங்கன்னு கேட்டு, இல்லாத வண்டிக்கு ஃபைன் போட்டு அனுப்பிட்டாங்க." பெஞ்சில் இருந்த ஒருவர், "திருடனப் புடிச்சிக் குடுத்தாலும், நீ எப்புடிய்யா புடிச்சன்னு நம்மளத்தான் உள்ள ஒக்கார வைப்பாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பல நாள் பழகிப்போன எரிச்சல் அந்தச் சிரிப்பில் இருந்தது.

பாஞ்சாலை சிரிக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, கம்பெனியில் உடைசலுக்கு இரண்டு குவியல் உண்டு என்று எனக்குச் சொன்னாள். சூளைக்குள் வெடித்தது ஒரு குவியல், அது சூளை உடைசல். வேலை செய்பவள் தவறவிட்டு உடைத்தது இன்னொரு குவியல், அது கை உடைசல். இரண்டும் ஒரே பீங்கான், ஒரே ஓடு. ஆனால் எந்தக் குவியலில் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சூளை உடைசல் அதிகமானால் சூளைக்காரனைக் கூப்பிட்டுச் சூட்டைப் பார்க்கச் சொல்வார்கள். கை உடைசல் அதிகமானால் பெண்களைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். புதிதாக வந்த ஒரு சூப்பர்வைசர் ஒரு மாதம் முழுக்க எல்லாவற்றையும் கை உடைசலில் போட்டான். பாஞ்சாலை ஒவ்வொரு துண்டையும் எடுத்து, வெடிப்புக்குள்ளும் பளபளப்பு ஓடியிருப்பதைக் காட்டி, குவியல் மாற்ற வைத்தாள்.

"பளபளப்பு சூளையிலதான் பாப்பா உருகும். உள்ள பளபளன்னு இருந்தா அது சூளையிலயே வெடிச்சது. தொலைஞ்சிதுன்னு நீ எழுதினது கை உடைசலு. அப்புறம் சூட்ட எவன் பாப்பான்?"

இரவுச் சாப்பாட்டுக்கு வந்திருந்த சாமிதுரையும் ஸ்டேஷன் பக்கமே பேசினார். "ஒரு போனுக்கு இம்மாம் ரோசமா? போனா போவுது. நீ இந்த ஆறு மணி ஷிப்ட வுட்டுடு."

"பாத்தியா," என்று என்னிடம் சொன்னாள் பாஞ்சாலை. "தொலைச்சது நானுன்னா வேலைய வுட வேண்டியது நானு. புடுங்கினது அவன்னா ரோட்டுக்கு வர வேண்டியது ஜீப்பு."

அவர் பரோட்டா மாவு பிசைவதைப் போலத் தலையைப் பிசைந்துகொண்டார். "நீ போலீசு கிட்டயே பேசு. என் கிட்ட பேசாத."

மறுநாளும் போனோம். எஸ்.ஐ. வரவில்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சில் பாஞ்சாலை மாலை வரை உட்கார்ந்திருந்தாள். "கையி ஒடஞ்சிருக்குதும்மா, வூட்டுல போயி படு" என்றார் நந்தகுமார். "கையிதானே சார் ஒடஞ்சிருக்குது. ஒக்கார்ற எடம் நல்லாத்தான் இருக்குது" என்றாள். ஒரு பெண் காவலர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

அன்று மாலை பார்க்க வந்த ராஜம்மாள், பாஞ்சாலை படும் பாட்டைக் கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினாள். பிறகு சொன்னாள், "எங்கிட்டயும் ஒரு சீட்டு இருக்குது." போன ஆடியில் அதே டேங்க் பக்கத்தில் அவள் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். தொலைந்ததாக எழுதிக்கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறாள். வீட்டில் எல்லோரும் அவள் எங்கோ தவறவிட்டதாகத்தான் இன்றும் நம்புகிறார்கள்.

"கூடவே நடந்து வர எங்கிட்டகூட சொல்லலியே ராஜி?"

"அவங்கதான் தொலைஞ்சதுன்னு எழுதிட்டாங்களே. எனக்கே சந்தேகம் வந்துடுச்சி."

பேக்கிங்கில் இருக்கும் கண்ணம்மாளிடமும் ஒரு சீட்டு இருந்தது. மூன்றாவது சீட்டு மங்கலம்பேட்டையில் இருப்பதாகக் கண்ணம்மாள்தான் சொன்னாள். பீங்கானுக்குப் பளபளப்புப் பூசும் கிளேசிங் பிரிவு அப்ரின் மூன்று மாதமாக வேலைக்கு வரவில்லை, உடம்பு சரியில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நான் பஸ் ஏறிப் போனேன். அப்ரின் பீரோவிலிருந்து சீட்டை எடுத்து வந்தாள். கணவர் நாசர் குவைத்திலிருந்து அனுப்பிய போன் அது.

"பொருள பத்திரமா வச்சிக்கத் தெரியலன்னு மாமி வேலைக்கே அனுப்பலக்கா. புடுங்கினாங்கன்னு சொன்னேன். ரசீதுல தொலைஞ்சதுன்னுல்ல இருக்குதுன்னு கேக்கறாங்க."

"சீட்ட மட்டும் குடு, நான் கொண்டு போறேன்."

"சீட்டு மட்டும் வந்தா அது என்ன பேசும்? நானும் வரேன்" என்று துப்பட்டாவை எடுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் நாலு பேரும் அந்தப் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பகல் இரண்டு மணிக்கு எஸ்.ஐ. கயல்விழி வந்தார். முப்பது வயதிருக்கும். மூன்று நாள் பந்தோபஸ்தில் முகம் கறுத்திருந்தது. பெஞ்சைப் பார்த்து நின்றார்.

"சாப்ட்டுட்டு வாங்கம்மா. நாங்க எங்கியும் போவ மாட்டோம்" என்றாள் பாஞ்சாலை.

சாப்பிட்டுவிட்டு வந்து கூப்பிட்டார். மேசைமேல் மூன்று சீட்டையும் நான் எழுதிய கையெழுத்தில்லாத மனுவையும் பாஞ்சாலை வரிசையாக வைத்தாள். எஸ்.ஐ. ஒவ்வொன்றாகப் படித்தார். தண்ணீர் டேங்க் அருகில் தொலைந்தது. தண்ணீர் டேங்க் அருகில் தொலைந்தது. மூன்றாவதிலும் அதுவே.

"எல்லாரும் அந்த டேங்க் கிட்டயே போயித் தொலைப்பீங்களா?"

"அங்க தொலைக்கறது சுலுவும்மா. ரெண்டு பேரு வண்டியில வந்து ஒத்தாச பண்ணுவாங்க."

எஸ்.ஐ. சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் ரைட்டரைப் பார்த்தார். நந்தகுமார் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "கேஸு எண்ணிக்க ஏறினா மீட்டிங்குல நம்மளத்தான் மேடம் கேப்பாங்க. ஒவ்வொருத்தரும் தனித்தனியா வந்தாங்க. சேத்துப் பாக்கல."

அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. சேர்த்துப் பார்க்க முடியாதபடிதான் அந்தச் சொல் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டிருந்தது. அதில் ஒன்றை நானும் எழுதியிருந்தேன்.

"கேஸ் போட்டா போன் கெடைச்சிடும்னு நான் சொல்ல மாட்டேன்மா" என்றார் எஸ்.ஐ.

"போன யாரும்மா கேட்டா? நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க. போதும்."

எழுதினார்கள். பாஞ்சாலை சொல்லச் சொல்ல நந்தகுமார் டைப் அடித்தார். அச்சாகி வந்த தாளை அவள் விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆனது. நந்தகுமார் மின்விசிறியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். 'கையிலிருந்த கைபேசியைப் பறித்துக்கொண்டு' என்ற இடத்துக்கு வந்ததும் அவள் அதை மட்டும் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு பேனாவைக் கேட்டாள்.

அவள் எழுந்ததும் அந்த நாற்காலியில் ராஜம்மாள் உட்கார்ந்தாள். நந்தகுமார் பிரிண்டரில் புதுத் தாளைச் சொருகினார்.

"சொல்லுங்கம்மா. எப்ப தொல..." நிறுத்திக்கொண்டார். "எப்ப அறுத்தானுங்க?"

"ஆடி மூணாம் வெள்ளி சார்" என்று ஆரம்பித்தாள் ராஜம்மாள். அவள் நிறுத்துவதற்குள் வெளியே பள்ளிக்கூடம் விட்டுவிட்டது.

எப்.ஐ.ஆர். நகல் கிடைத்த அன்றே அப்ரின் அதை ராஜம்மாளின் போனில் படம் பிடித்து குவைத்துக்கு அனுப்பினாள். நாசர் அங்கிருந்து அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினார். அடுத்த திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மாமியார் பஸ் ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிட்டாராம்.

பாஞ்சாலையின் போன் இன்னும் கிடைக்கவில்லை. மார்கழியில் கட்டுப் பிரித்தார்கள். சாமிதுரை தன் பழைய போனைக் கொடுத்திருக்கிறார், ஓரத்தில் மாவு ஒட்டியபடி. அவள் மறுபடியும் பிசிறு சுரண்டுகிறாள், ஆறு மணிக்குத்தான் ஷிப்டு விடுகிறார்கள். டேங்க் பக்கத்தில் பெரும்பாலான நாட்களில் ஜீப் நிற்கிறது. நிற்காத நாட்களில் கம்பெனி வாசலிலேயே நின்று பாஞ்சாலை ஸ்டேஷனுக்குப் போன் போடுகிறாள். கூட்டமாகப் பெண்கள் சுற்றி நின்று கேட்கிறார்கள்.

"சார், மணி ஆறாவுது."

"வருதும்மா, கெளம்பிடுச்சி. வச்சிடு."

"நிக்கிறோம் சார். வண்டி வந்ததும் நானே சொல்றேன்."