கத்தி படாத இடம்

போன வாரம், தல்லாகுளத்தில் ஒரு டாக்டரின் அறை. நண்பர் சந்தானத்துக்குத் துணையாக நானும் அவர் மனைவியும் போயிருந்தோம். சந்தானம் சட்டையைக் கழற்றினார். டாக்டர் வாய் திறக்குமுன்பே தழும்புகளைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

“இது மயிலக்காளை குத்துனது. விலாவுல இருக்கது செவல...”

அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இளவயதில் ஜல்லிக்கட்டில் மாடு பிடித்தவர். அந்தக் கூட்டத்தில் தழும்புதான் சாட்சி. வாயால் சொன்னால் யார் நம்புவது? சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

இப்போது வந்தது வேறு தொல்லை. மாதக்கணக்கில் பின்மண்டை வலி. காலையில் முகம் வீங்குகிறது. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார் மனிதர்.

டாக்டர் பிரஷர் பார்த்தார். பட்டையை அவிழ்த்து, மறுபடி கட்டிப் பார்த்தார்.

“முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா?”

“கத்தியே பட்டதில்லீங்க.”

“ஏங்க, ரெண்டு வருசம் முன்னாடி மெட்ராஸ்ல கிட்னிக் கல்ல ஒடச்சாகள்ல... அதச் சொல்லுங்க” என்றார் மனைவி.

“அது ஆபரேஷனாடி? தொட்டித் தண்ணியில படுக்க வச்சு மெஷின்ல தட்டுனாக. ஒரு கீறல் உண்டா?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அதிர்வலை வச்சு ஒடச்சாங்களா? அப்புறமா பிரஷர் பாக்க வரச் சொல்லலையா?”

“சொன்னாக. காயமே இல்லாம எதக் காட்டப் போறது?” சிரித்தார் சந்தானம்.

“மாட்டுக்கிட்ட குத்து வாங்குனத மட்டும் ஊரெல்லாம் காட்டுவீக” என்றார் மனைவி. அவர் சிரிக்கவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். கல் இருந்த பக்கத்துக் கிட்னி சுருங்கிக் கிடக்கிறது. மற்றதும் பிரஷரில் தளர்ந்து வருகிறது.

அந்த அதிர்வலைதான் காரணமா என்று கேட்டேன்.

“அடிச்சுச் சொல்ல முடியாது. இந்த மெஷினே நம்ம பக்கம் வந்து ரெண்டு மூணு வருஷந்தான் ஆகுது. கல்லை நொறுக்குற அதிர்வு சுத்தியிருக்க சதையிலயும் படும்... பாத்துக்கிட்டே இருந்திருக்கணும். அந்த வலி மாத்திரையும் சேர்ந்து கெடுத்திருக்கு. இருக்கறதைக் காப்பாத்தப் பாப்போம்.”

ரத்தம் வந்தால் ஓடுகிறோம். வராவிட்டால் பிழைத்தோம் என்று வேலைக்குப் போய்விடுகிறோம். உள்ளே ஒரு புயல் அடித்து ஓய்ந்திருக்கிறது — வெளியே ஓர் இலைகூட உதிரவில்லை. யாருக்குத் தெரியும்?

பஸ் ஸ்டாப்பில் நின்றோம். சந்தானத்தின் கை சட்டைக்குள் போய் இடுப்பைத் தடவியது. வழவழப்பான தோல். அவர் உடம்பில் கதை இல்லாத இடம். தடவித் தடவிப் பார்த்தார்.

பஸ் வந்து நின்றதும் படியில் கால் வைத்தபடி சொன்னார்.

“மாடுன்னா கொம்பு தெரியும்ணே...”