மாற்றலுக்கு முன் போட்ட பதியம்

சித்தூரில் நாங்கள் குடியிருந்தது சபை வீடு. என் கணவர் அந்தச் சபையின் போதகர். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வந்துவிடும். அது தெரிந்திருந்தும் கொல்லையில் நின்ற கொய்யா மரத்தின் மேல் ஆசை வைத்துவிட்டேன். பழம் உள்ளே நல்ல சிவப்பு, வாயில் வைத்தால் கரையும். விதை போட்டாலும் முளைக்கும்தான். ஆனால் அதே பழம் வருமென்று சொல்ல முடியாது. கிளையிலேயே வேர் விட வைத்து, பிறகு வெட்டி எடுக்க வேண்டும்.

திருப்பதிக்கு மாற்றல் என்ற பேச்சு ஏப்ரலில் காதில் விழுந்தது. பதியம் போட மழைக்காலம்தான் நல்லது. அதுவரை நாங்கள் இருப்போமா என்று தெரியாததால், போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, மூன்று கிளைகளில் விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தேன். ஈரத் தேங்காய் நார்த்தூளை அப்பி, பாலிதீன் சுற்றிச் சணலால் கட்டினேன்.

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே கொல்லைக்குப் போவேன். ஜெபத்தில் கண்ணை மூடினால் கிளைதான் தெரியும். பன்னிரண்டாம் நாள் தாங்க முடியாமல் ஒரு கட்டைப் பிரித்தேன். வேர் இல்லை. உரித்த இடத்தின் மேல்விளிம்பு மட்டும் வெள்ளையாகத் தடித்திருந்தது. திரும்பக் கட்டினேன். நாலு நாளில் அந்தக் கிளை இலை சுருண்டு காய்ந்தது.

"நீ பிரிச்சி பிரிச்சி பாத்துக்கினு இருந்தா அது எப்ப வேர் உடும்?" என்றார் கணவர்.

"மாத்தல் எப்பன்னு சொல்லுங்க, நான் பிரிக்கல."

அது அவருக்கும் தெரியாது. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மே மாதம் உத்தரவு வந்தது. ஒரு வாரத்தில் கிளம்ப வேண்டும். கிளம்பும் நாளில் இரண்டாவது கிளையை வெட்டினேன். நூல் மாதிரி நாலு வேர் விட்டிருந்தது. திருப்பதியில் நிழலில் வைத்து, கவர் மூடிப் பார்த்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் கருகிவிட்டது.

மூன்றாவது பதியம் மரத்திலேயே இருந்தது. அந்த வீட்டுக்கு வந்த புதுப் போதகரின் மனைவியை நான் பார்த்ததுகூட இல்லை. நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். மறுநாளும் கூப்பிட்டேன்.

"நேத்துதானக்கா கேட்டீங்க. அப்படியேதான் கீது."

"நார் காஞ்சிடுச்சோன்னு..."

"ஊசியில தண்ணி ஏத்திட்டேன். பர்வாலேது அக்கா, நான் பாத்துக்கறேன்."

ஜூலையில் அவள் போன் எடுப்பதை நிறுத்திவிட்டாள். அறுத்துப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் வீட்டு மரத்துக்கு நான் அதிகாரம் பண்ணுவதுபோல இருந்திருக்கும் என்றும் தோன்றியது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒருநாள் சித்தூர் பஸ் ஏறப் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். என்ன சொல்லிக்கொண்டு அவள் வாசலில் நிற்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மதியம் கதவைத் தட்டியவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். கையில் கட்டைப் பை. அதற்குள் கறுப்புக் கவரில் கொய்யாச் செடி, ஆறு இலைகளோடு.

"வெட்டி ஒரு மாசம் ஆச்சிக்கா. நடுவுல எல எல்லாம் கொட்டிடுச்சி. செத்துடுச்சின்னா உங்களுக்கு எப்படி சொல்றது? அந்த பயத்துலதான் போனே எடுக்கல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சாப்பிட வைத்தேன். இதற்கு முன் இருந்த ஊரில் அவள் என்ன வைத்திருந்தாள் என்று கேட்டேன்.

"ஒரு மாதுள. பூ உட்டப்ப கெளம்பிட்டோம்," என்றாள். "யாருன்னா பாத்துக்குறாங்களான்னு தெரியல."

"போன் பண்ணிக் கேக்கலாமே."

"கூச்சமா இருந்துச்சிக்கா."

அங்கேயே உட்கார்ந்து அந்த ஊர் வீட்டுக்கு அவளைப் போன் போட வைத்தேன். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நாலரை மணி பஸ்ஸுக்கு அவளைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டேன்.

செடியைத் தரையில் வைக்கச் சொன்னார் கணவர். நான் பெயின்ட் வாளியில் வைத்தேன். இப்போது இடுப்பு உயரம் வந்திருக்கிறது. இன்னும் பூக்கவில்லை.