இடது பொத்தானில் ஒரு மரச்சில்லு

எங்கள் சபையில் சாட்சி சொல்வதில் நான் கெட்டிக்காரன். பாரிவாக்கத்தில், புதிதாகப் பிரித்துப் போட்ட மனைகளுக்கு நடுவே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கூடம்தான் எங்கள் சபை. ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் பாஸ்டர் மைக்கை நீட்டுவார். கர்த்தர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். சிலர் காய்ச்சல் விட்டதைச் சொல்வார்கள், சிலர் பிள்ளைக்கு வேலை கிடைத்ததைச் சொல்வார்கள். நான் என் பாவத்தைச் சொல்வேன். "என்னால் ஒரு சகோதரனுடைய வாழ்க்கை பாழானது. கர்த்தர் என்னை மன்னித்தார்" என்று சொல்லி, சரியான இடத்தில் குரல் தழுதழுக்க நிறுத்துவேன். கூடமே அல்லேலூயா என்று அதிரும். ஏழு வருஷம் இப்படி. சில வாரம் அழுகை தானாக வந்தது, சில வாரம் நான் வரவழைத்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சாட்சியில் நான் சொல்லாமல் விட்ட பகுதி இது.

அம்பத்தூரில் தகடு அடிக்கும் பட்டறை ஒன்றில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். பிரஸ் மெஷினுக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டையும் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். ஒரு கை கூட உள்ளே இருக்க முடியாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் ஷிஃப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை வராது. அதனால் இடது பொத்தானின் ஓரத்தில் ஒரு மரச்சில்லைச் செருகி, அது அழுந்தியபடியே நிற்கும்படி செய்துவிடுவோம். ஒரு கை தகடு வைக்கும், ஒரு கை ஓட்டும். ஆடிட் வரும் நாளில் மட்டும் சில்லு என் சட்டைப் பைக்கு வந்துவிடும்.

அன்று அந்த மெஷினில் சில்லைச் செருகியது நான். ஓட்டிக்கொண்டிருந்தவன் சாப்பிடப் போனான். அவன் இடத்துக்கு என் நண்பன் வந்தான். ஒரே தெருவில் வளர்ந்தோம், இரண்டு பேரின் அப்பாவும் ஒரே கழனியில் கூலிக்குப் போனவர்கள். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். சில்லு என்றாலே அவனுக்குப் பயம். நான் எவ்வளவு திட்டினாலும் இரண்டு கையால்தான் ஓட்டுவான். இதில் சில்லு இருக்கிறது என்று அவனிடம் சொல்ல வாயைத் திறந்தேன். போன் அடித்தது. பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டேன். அவன் சிக்கிக்கொண்ட துண்டை எடுக்க இடது கையை உள்ளே விட்டிருக்கிறான், வலது கை பொத்தான் மேல் பட்டிருக்கிறது.

மூன்று விரல்கள் போயின.

சத்தம் கேட்டு ஓடினேன். மற்றவர்கள் அவனைத் தாங்கிப் பிடித்தார்கள். நான் முதலில் பொத்தானிலிருந்து சில்லைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். அதற்கப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். முதலில் சில்லு, பிறகு அவன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை மனதுக்குள் இந்த வரிசையை மாற்றிப் பார்த்துவிட்டேன், மாறவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு பொத்தானும் ஒழுங்காக வேலை செய்தன. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால், கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

"இன்னா ஆச்சுன்னே தெர்ல மச்சான். ரெண்டு பட்டனையும் அமுக்கிட்டு கைய உள்ள உட்டுட்டேன் போல கீது. உனுக்கு வேற கெட்ட பேரு வாங்கிக் குட்த்துட்டேன்."

"பரவால்ல, உடு" என்றேன். அதைத்தான் சொன்னேன்.

அதன் பிறகு என்னால் பீரோவுக்குள் கை விட முடியாமல் போனது. அரிசி டின், லெட்டர் பாக்ஸ், எதற்குள் கையை நுழைத்தாலும் மேலேயிருந்து ஏதோ இறங்கும். மனைவியை எடுத்துத் தரச் சொல்வேன், அவள் சோம்பேறி என்று திட்டுவாள். பூந்தமல்லி சாலையில் லாரி பள்ளத்தில் விழுந்து எழுந்தால் அது பிரஸ் அடிக்கும் சத்தம். வேலையை விட்டேன், இரண்டு வருஷம் கழித்துச் சபையில் சேர்ந்தேன். கூடத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில் ஞானஸ்நானம் எடுத்தேன். தண்ணீருக்குள் முழுகிய அந்த நொடியாவது அமைதியாக இருக்கும் என்று நம்பினேன். தண்ணீருக்குள்ளும் அது அடித்தது.

மனந்திரும்புதல் என்றால் அழுவது இல்லை, வந்த வழியே திரும்பி நடப்பது என்று பாஸ்டர் மாதம் ஒரு முறையாவது பிரசங்கிப்பார். உதாரணத்துக்கு என்னைத்தான் காட்டுவார். நான் இரண்டு கையையும் உயர்த்தி ஆமென் சொல்வேன். பத்து விரலும் என் கண்ணுக்கு நேராக நிற்கும். மரச்சில்லு என் வேதப் புத்தகத்தின் ஜிப் உறைக்குள் இருந்தது. தூக்கி எறியவும் தைரியமில்லை, எடுத்துக் காட்டவும் தைரியமில்லை.

போன வருஷம் சபைக்குப் புதிதாக ஒரு அம்மா வந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்கிறவர். என் சாட்சி முடிந்ததும் எல்லோரும் கை குலுக்கினார்கள். அந்த அம்மா மட்டும் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்.

"பிரதர், நீங்க மன்னிப்பு கேட்டது அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"கர்த்தருக்குத் தெரியும் சிஸ்டர்."

"அவருக்குத் தெரியாம இன்னா? நான் அந்த ஆள கேட்டேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. நேற்று வந்தவள் என்று கூட நினைத்தேன். அடுத்த ஞாயிறு மைக் வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. மைக்கைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டேன்.

என் நண்பன் அப்போது வானகரத்தில் ஒரு குடியிருப்பின் வாசலில் வாட்ச்மேனாக இருந்தான். மறுநாள் மத்தியானம் போனேன். இடது கை எப்போதும் போல பேன்ட் பைக்குள் இருந்தது. சில்லை நீட்டினேன்.

"இன்னாடா இது?"

சொன்னேன். நடுவில் ஒரு கார் வந்தது. கேட்டைத் திறந்தான், சல்யூட் வைத்தான், நோட்டில் நம்பர் எழுதினான், மூடிவிட்டு வந்தான்.

"அப்போ நான் தப்பு பண்லியா?"

"இல்ல மச்சான்."

"ஒம்போது வர்சமா பொண்ணாண்ட சொல்லிகினு கீறேன், என்னைய மாரி அசால்ட்டா இருந்துடாதன்னு." நோட்டை மூடி நாற்காலியில் வைத்தான். "எங்க நைனா சாவும்போது கூட நிதானங்கெட்ட பயன்னு சொல்லிட்டுதான் கண்ண மூட்னாரு. அவராண்ட யார்ரா போயி சொல்றது?"

கர்த்தரிடம் சொல்ல என்னிடம் ஏழு வருஷத்துப் பேச்சு இருந்தது. அவனிடம் "மன்னிச்சிடு" என்றேன். அது அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"ஆறு மணிக்கு டூட்டி முடியும். ஊட்டுக்கு வா. நான் சொன்னா நம்ப மாட்டாங்கோ. நீயே சொல்லு."

காட்டுப்பாக்கத்தில் அவன் வீடு. சுவரில் மாலை போட்ட அவன் அப்பா படம். அவன் மனைவி டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

"வாங்கண்ணா, எம்மா நாளாச்சு! இவருக்கு அடிபட்டப்ப மொத ஆளா ஓடியாந்தது நீங்கதான்னு இன்னைக்கும் சொல்லிகினே இருப்பாரு."

அவன் சில்லைத் தட்டில், டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான். நான் டம்ளரைக் கையில் எடுத்தேன்.

"சொல்லிட்டுக் குடி" என்றான்.

கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். மைக் இல்லை, குரல் எங்கெங்கோ உடைந்தது. கர்த்தர் பெயரை நான் இழுக்கவில்லை. செருகியதைச் சொன்னேன், பிடுங்கியதைச் சொன்னேன், கையெழுத்தைச் சொன்னேன். அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டீயில் ஆடை படிந்தது. அதற்குப் பிறகு என்னை யாரும் குடிக்கச் சொல்லவில்லை.

அம்மாவின் பக்கத்தில் நின்ற, கல்லூரிக்குப் போகும் அவன் மகள் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவன் இடது கையைப் பையிலிருந்து மெதுவாக வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொண்டான்.