படிக்கட்டு ஜன்னலில் ஆறிய சூப்பு

வட இத்தாலியின் ஃபெர்ராராவில் ரொசாரியா போட்ட ஒன்பது மாதக் குடித்தனம் இரண்டு பெட்டிகளுக்குள் அடங்கிவிட்டது. மிச்சம் இருந்தவை மேல்மாடி எட்மேயாவின் பீங்கான் பாத்திரமும், கைப்பேசியில் நிரப்பாமல் கிடந்த ஒரு படிவமும்தான். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. படிவத்தைத் தொடத்தான் நாலு நாளாக மனம் வரவில்லை.

ரொசாரியா பள்ளிக்கூட ஆயா. தற்காலிக வேலை, ஜூன் முப்பதோடு சரி. அடுத்த ஆண்டு எந்தப் பகுதியில் வேலை வேண்டும் என்று இன்று பிற்பகல் இரண்டு மணிக்குள் குறித்து அனுப்பவேண்டும். ஃபெர்ராரா என்றால் அநேகமாக இதே பள்ளிதான். கலாப்ரியா என்றால் சொந்த மண். ஆனால் வேலை கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். தெற்கிலிருந்து வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொந்த ஊரைத்தான் எழுதுவார்கள். ரொசாரியாவுக்கு அது முடியவில்லை.

ஐம்பத்துமூன்று வயதுவரை அவள் ஒருநாள்கூடத் தனியாக இருந்ததில்லை. அப்பாவுக்குக் கஞ்சி, அம்மாவுக்கு மருந்து, அப்புறம் தங்கை கொன்செத்தாவின் பிள்ளைகள். கல்யாணமாகாதவள் வீட்டில் இருந்தால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம் என்பது அந்தக் குடும்பத்தின் எழுதாத சட்டம். இங்கே வந்த புதிதில் ஒருத்திக்கு மட்டும் சமைக்கத் தெரியாமல் அரைக்கிலோ பாஸ்தாவைக் கொதிக்கவிட்டு, மூன்று நாள் அதையே தின்று தீர்த்தாள். பிறகு கை அளவு பழகியது. சைக்கிளும் பழகியது. இரண்டு முறை விழுந்தாள், அதில் ஒரு முறை பாதிரியார் மேல்.

கைப்பேசி அடித்தது. கொன்செத்தா.

“அக்கா, எழுதிட்டியா?”

“இல்லடி.”

“இன்னும் என்ன யோசனை? கொசுவையும் மூடுபனியையும் விட்டா அந்த ஊர்ல என்ன இருக்கு? ஆகஸ்ட்ல என் மகளுக்குப் பிரசவம். குழந்தைய யாரு பாத்துக்கறது? என் முழங்கால் லட்சணம் உனக்குத் தெரியாதா?”

“முழங்காலுக்கு டாக்டர் இருக்காருல்ல.”

“அங்க போய் வாய் நல்லாவே நீண்டிருக்கு. கலாப்ரியான்னு குத்திட்டு ரயில் ஏறு.”

ரொசாரியா படிவத்தைத் திறந்தாள். விரல் கலாப்ரியாவின் மேல்தான் போய் நின்றது. ஐம்பது வருடப் பழக்கம் லேசில் விடுமா? ஆனால் அதற்கு முன்னால் பாத்திரத்தைக் கொடுத்துவிடலாம் என்று எழுந்தாள்.

அவள் ஊரில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். தந்தால் உறவை முறித்துக்கொண்டதாக அர்த்தம். எட்மேயா ஓய்வுபெற்ற பேருந்துப் பரிசோதகர், சிரிப்பைக்கூட டிக்கெட் கிழிப்பதுபோல அளந்து கிழிக்கிறவள். அவள்தான் டிசம்பரில் முதலில் கொடுத்தாள். இரண்டு மாடிக்கும் நடுவே படிக்கட்டு ஜன்னலில், மூடிபோட்ட பாத்திரம் நிறையக் கோழிச் சூப்பு. யாரும் பேச்சுக் கொடுக்காத ஊரில் அதைப் பார்த்ததும் ரொசாரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. குடித்துவிட்டு, கத்திரிக்காயில் உறைப்பாக மசாலா அடைத்துச் சுட்டு, அதே பாத்திரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றிலிருந்து பாத்திரம் மாடி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

இன்றோ சமையலறை காலி. சந்தைக்கு ஓடி ஒரு கிலோ செர்ரிப் பழம் வாங்கி நிரப்பிக்கொண்டு மேலே போனாள்.

எட்மேயா மூடியைத் திறந்து பார்த்தாள். “கிளம்புற அன்னைக்குக்கூட உங்களால சும்மா இருக்க முடியாதா?”

“ஆரம்பிச்சது நீங்கதானேம்மா. அந்தச் சூப்பு மட்டும் இல்லேன்னா ஜனவரியிலேயே மூட்டையைக் கட்டியிருப்பேன்.”

எட்மேயா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “போற நேரத்துல சொல்லிடறேன். அந்தச் சூப்பை நான் உங்களுக்கு வைக்கல.”

“பின்ன?”

“மேல மிதக்கற கொழுப்பு உறையட்டும்னு குளிர்ல வச்சேன். இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் வைப்பாங்க. மறுநாள் மகன் சாப்பிட வர்றான். போய்ப் பாத்தா பாத்திரத்தையே காணோம். கடைசியில கடையில விக்கற சூப்புக் கட்டியைக் கரைச்சு ஊத்தினேன். ஒரு வாய்தான் குடிச்சான், கண்டுபிடிச்சுட்டான்.”

ரொசாரியாவுக்கு முகம் பற்றி எரிந்தது. “கடவுளே! திருடிக் குடிச்சிருக்கேன்! ஏன் சொல்லல?”

“திட்டத்தான் கதவைத் திறந்தேன். கையில கத்திரிக்காயோட நின்னுட்டு இருந்தீங்க. மூக்கெல்லாம் சிவந்து, அப்படி ஒரு சந்தோஷம். அதுக்கப்புறம் எங்க திட்டறது? முப்பது வருஷம் டிக்கெட் இல்லாத யாரையும் நான் விட்டதில்ல. உங்களைத்தான் விட்டேன்.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ரொசாரியா அழுதாள். எட்மேயா அதைப் பார்க்காததுபோல எழுந்துபோய்ச் செர்ரியைத் தட்டில் கொட்டினாள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து மீனும் முட்டையும் ஊறுகாயும் கலந்த சோற்றை எடுத்து அதே பாத்திரத்தில் போட்டு, துணியில் முடிந்து நீட்டினாள்.

“ரயில்ல சாப்பிடுங்க.”

“பாத்திரத்தை எப்படித் திருப்பித் தர்றது?”

“அது உங்க பாடு. நான் வெறும் பாத்திரம் வாங்கறதில்ல. தபால்லயும் வாங்கறதில்ல.”

ரயில் நிலையத்தில் ஒன்றரை மணி வெயில். மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ரொசாரியா படிவத்தைத் திறந்தாள். ஃபெர்ராராவைக் குறித்தாள், அனுப்பினாள். அந்தத் துணிச்சல் ஓய்வதற்குள் தங்கையை அழைத்துவிட்டாள்.

“ஃபெர்ராராவை எழுதிட்டேன்.”

“உனக்குப் பைத்தியமா? ஏன்?”

பாத்திரத்தைச் சாக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தாள். வாயில் வேறு வந்தது. “எனக்கு இங்க தனியா இருக்கப் பிடிச்சிருக்கு, கொன்செத்தா. பிரசவத்துக்கு ஆகஸ்ட் முழுக்க உங்ககூட இருக்கேன். செப்டம்பர்ல திரும்பி வந்துடுவேன்.”

கொன்செத்தா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ரொசாரியா எட்மேயாவைப் பற்றியும், திருடிக் குடித்த சூப்பைப் பற்றியும், மடியில் இருக்கும் பாத்திரத்தைப் பற்றியும் சொன்னாள். ரயில் வந்து நின்றது.

“அந்தப் பாத்திரம் எவ்ளோ பெருசு?” என்றாள் கொன்செத்தா, அழுகை மாறாத குரலில்.

“ஏன்டி?”

“செப்டம்பர்ல நிரப்பிக் கொடுத்து அனுப்பணும்ல.”