பின்னால் போகாத பேருந்து

போட்டி நடக்கும் நாளில் கராமிதா கால்பந்து கிளப்பின் பேருந்து பின்னால் போகக் கூடாது. எங்கள் ரொஷ்கானி ஊரில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ருமேனியாவின் மற்ற கிளப்களிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் எங்களவர்கள் அளவுக்கு யாரும் போனதில்லை. ஒருமுறை பெட்ரோல் பங்கில் யாரோ ஒருவன் எங்கள் பேருந்துக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டான். ஒரு முழம் பின்னால் போயிருந்தால் வளைத்து வெளியே வந்திருக்கலாம். அதற்குப் பதிலாக ஆட்டக்காரர்கள் இறங்கி அந்தக் காரைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். கோல்கீப்பர் ஒக்டாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்று தோற்றோம். காரைத் தூக்கியதால்தான் தோற்றோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்தப் பேருந்தை ஓட்டுபவர் என் அப்பா, அவ்ராம் தோஃபான்.

கராமிதா, செங்கல் ஆலைத் தொழிலாளிகள் ஆரம்பித்த கிளப். அப்பாவும் அந்த ஆலையில்தான் லாரி ஓட்டினார். ஆலை மூடியது, கிளப் மட்டும் பிழைத்துக்கொண்டது. அப்பா லாரியிலிருந்து பேருந்துக்கு மாறினார். "செங்கல்லை ஏத்தினாலும் இவனுங்களை ஏத்தினாலும் மேடு பள்ளத்துல மெதுவாத்தான் போகணும். செங்கல் வாயைத் திறக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். பின்னால் போகாத வழக்கத்தை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. ஆனாலும் கடைப்பிடித்தார். எதிர்த்துப் பேசுவது அவருக்கு வராது. யாராவது தன்னையே உற்றுப் பார்த்தால்கூடத் தலையை ஆட்டிச் சம்மதித்துவிடுவார்.

என் அம்மா வியோரிகா இத்தாலியில், தோரினோவில், ஒரு முதிய பெண்மணியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது போனவள். சென்ற கோடையில், நான் பள்ளியை முடித்தபோது, அங்கே சுற்றுலாப் பேருந்து நடத்தும் ஒருவரிடம் பேசி அப்பாவுக்கு வேலை வாங்கிவிட்டாள். அவர் அந்த வருஷக் கடைசிவரை காத்திருப்பதாகச் சொன்னார். அப்பாவும் நானும் போவது என்று முடிவாயிற்று.

"ஜூலையில கிளம்பிடுவோம்" என்று அப்பா போனில் சொன்னார். "ஐரோப்பியக் கோப்பையில முதல் சுத்து ஆடணுமாம். அது முடிஞ்சதும் வந்துடறேன். இவனுங்களாவது, ஜெயிக்கறதாவது!"

லீக்கில் நான்காவதாக வந்ததால் கிடைத்த இடம் அது. கிளப்பின் வரலாற்றிலேயே முதல் தடவை. முதல் ஆட்டம் பல்கேரியாவில். அப்பாவுக்குப் பல் பிடுங்கியிருந்ததால் வேறொருவர் பேருந்தை ஓட்டிப் போனார். மூன்று கோல் வாங்கித் திரும்பினார்கள். மறுவாரம் எங்கள் ஊரில் அதே அணியோடு அடுத்த ஆட்டம்; இரண்டின் கோல்களையும் கூட்டித்தான் வெற்றி. வீங்கிய கன்னத்தோடு அப்பா ஓட்டினார். நான்கு கோல் போட்டு ஜெயித்தோம்.

அன்றே அவர் மாட்டிக்கொண்டார்.

பயிற்சியாளர் ஸ்டான்ச்சுவை எல்லோரும் 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அப்பாவின் வீங்கிய கன்னத்திலேயே முத்தம் கொடுத்தார். "அவ்ராம் அண்ணே, இனிமே உங்களுக்கு ஜுரம் வந்தாலும் நீங்கதான், பேதி வந்தாலும் நீங்கதான்!"

"மிஸ்டர், நான் இத்தாலிக்குப் போகணும். ஜூன்லயே சொன்னேனே."

"யாரு இல்லேன்னா? அடுத்த சுத்து முடியட்டும்."

அடுத்த சுற்றிலும் ஜெயித்தோம். அதற்கடுத்ததில் பெனால்டியில் ஜெயித்தோம். பிறகு டிசம்பர்வரை நீளும் ஆறு ஆட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அப்பா கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மிஸ்டர் 'அடுத்தது முடியட்டும்' என்றார்.

இதில் ஒரு வேடிக்கை. வியாழக்கிழமை ஐரோப்பாவில் ஜெயித்த அதே அணி, ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் லீக்கில் காலை இழுத்து இழுத்து ஓடித் தோற்றது. அக்டோபரில் பட்டியலில் கடைசிக்குப் பக்கம் போய்விட்டோம். மிஸ்டருடைய வேலையே ஐரோப்பிய வெற்றிகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் அவர் அப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

மிஸ்டர் மட்டும் பிடித்திருந்தால் அப்பா எப்படியாவது தப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். ஊரே பிடித்தது. ரொட்டிக் கடையில் காசு வாங்க மறுத்தார்கள். சர்ச்சில் பூசை முடிந்ததும் பாதிரியார் தனியாகக் கூப்பிட்டு, "போயிட மாட்டியே?" என்றார். சந்தையில் முட்டைக்கோஸ் விற்கும் அம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்: "இத்தனை வருஷம் புருஷன் இல்லாம இருந்தவ, இன்னும் நாலு வாரம் இருந்தா தேய்ஞ்சா போயிடுவா? அவகிட்ட நான் பேசறேன், நம்பரைக் குடு!"

அப்பா சிரித்தார். வீட்டுக்கு வந்து காய்களை மேசையில் வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

தூர தேசத்து ஆட்டங்களுக்கு அணி விமானத்தில் போகும். ஆனாலும் அங்கே போய் இறங்கியதும் அப்பாவின் பேருந்தில்தான் ஏற வேண்டும் என்பது மிஸ்டரின் கட்டளை. அதனால் அப்பா முன்னாடியே கிளம்பி, காலிப் பேருந்தைத் தனியாக ஓட்டிக்கொண்டு போவார். நவம்பரில் சுவிட்சர்லாந்துக்கு அப்படிப் போனபோது, வழி இத்தாலிக்குள் புகுந்து போனது. மிலானோ நகரம் தாண்டும் இடத்தில் நிறுத்தி அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். அந்தப் பேச்சை அம்மாதான் பின்னால் எனக்குச் சொன்னாள்.

"உன் ஊர்ப் பேரு போட்ட பலகையைப் பார்த்தேன், வியோரிகா."

"எங்க?"

"பெரிய ரோட்டுல. நேரா போனா உன் ஊரு."

"நீ?"

"வலது பக்கம் திரும்பிட்டேன். சாயங்காலம் ஏர்போர்ட்டுல நிக்கணும்."

"ஏய் அவ்ராம், உன்னைக் கயித்தாலயா கட்டி வெச்சிருக்காங்க?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். "கயிறா இருந்தா அறுத்துடுவேன்" என்றாராம் அப்பா.

அதற்குப் பிறகு அவர் ஆட்டத்தைப் பார்க்க மைதானத்துக்குள் போவதை நிறுத்திவிட்டார். பேருந்திலேயே உட்கார்ந்து ரேடியோ கேட்பார். ஒருநாள் நான் டீ கொண்டுபோனேன். அந்த நிமிஷம் எதிரணி கோல் போட்டது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல செய்தி கேட்டவரைப் போல அவர் முகம் மலர்ந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் திரும்பிக்கொண்டார்.

"சின்ன வயசுல இந்த டீம் தோத்தா நான் சாப்பிட மாட்டேன்மா" என்றார். "இப்ப பாரு, நான் என்ன மாதிரி ஆளாயிட்டேன்."

அந்த ஆறில் கடைசி ஆட்டம் டிசம்பர் நடுவில், எங்கள் ஊரில், செக் நாட்டு அணியோடு. ஜெயித்தால் பிப்ரவரியில் அடுத்த கட்டம். தோற்றால் எல்லாம் முடிந்தது, அப்பாவுக்கு விடுதலை. இத்தாலிக்காரர் காத்திருப்பதாகச் சொன்ன கெடுவும் நெருங்கியிருந்தது.

அணி குன்றின் மேலே விடுதியில் தங்கியிருந்தது. மத்தியானம் இறங்கி வரும்போது பெரிய ரோட்டில் கூட்டம் நிறைந்து வழிந்ததால், போலீஸ்காரர் பேருந்தைச் சூளைத் தெருவுக்குள் திருப்பிவிட்டார். சூளைத் தெரு எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. அதன் நடுவே தண்ணீர்க் குழாய்க்காகக் குறுக்கே பள்ளம் தோண்டியிருந்தது அந்தப் போலீஸ்காரருக்குத் தெரியாது. அப்பா வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டுத் திருப்பினார். பேருந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றது. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர்கள். பின்னால் மட்டும் தெரு காலியாகக் கிடந்தது.

பேருந்து மாட்டிக்கொண்டது என்று யாரோ கத்த, நானும் ஓடினேன். தெருவே வெளியே வந்திருந்தது. அப்பாவும் ஆட்டக்காரர்களும் இறங்கியிருக்க, மிஸ்டர் பள்ளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ரிவர்ஸ்ங்கற பேச்சே யாரும் எடுக்கக் கூடாது!"

"மிஸ்டர், நடந்தே போயிடலாமே, பக்கம்தானே" என்றான் ஒக்டாவ்.

"நடந்து வந்தாங்கன்னு செக் நாட்டுக்காரன் சிரிக்கணுமா? பலகை கொண்டாங்க! பள்ளத்து மேல போட்டு ஏத்திடலாம்."

பலகைக்கு எங்கே போவது? மூலை வீட்டுக்காரர் தன் வாசல் கதவைக் கழற்றினார். அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரரும் கழற்றினார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "அடப் பாவி, குளிருதுடா!" என்று அலறினாள். இரண்டு வீட்டுக் கதவுகள் பள்ளத்தின் மேல் கிடந்தன. ஒன்றில் கிறிஸ்துமஸ் வளையம்கூட அப்படியே தொங்கியது.

ஒக்டாவ் அப்பாவிடம் வந்தான். "அவ்ராம் அண்ணே, தாங்குமாண்ணே?"

"கிறிஸ்துமஸ் தாத்தாவைத் தாங்கும்டா. பஸ்ஸைத் தாங்காது."

அப்பா அந்தக் கதவுகளைப் பார்த்தார். குளிரில் குதித்துக்கொண்டிருந்த ஆட்டக்காரர்களைப் பார்த்தார். என்னையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு பேருந்தில் ஏறி அதன் கதவை மூடினார்.

பீப், பீப் என்று சத்தம் கேட்டபோது யாருக்கும் முதலில் புரியவில்லை. போட்டி நாளில் அந்தப் பேருந்திலிருந்து அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை. பேருந்து பின்னால் போய்க்கொண்டிருந்தது. மிஸ்டர் பக்கவாட்டில் ஓடி ஓடிக் கண்ணாடியைத் தட்டினார். ஒரு கிழவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அப்பா பக்கக் கண்ணாடியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. தெருமுனை வரைக்கும் நிதானமாகப் போய், ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கதவைத் திறந்தார்.

மிஸ்டருக்கு மூச்சிரைத்தது. "இன்னிக்குத் தோத்தோம்னா நீ இந்த ஊர்ல இருக்க முடியாது!"

"அதைத்தானே மிஸ்டர் ஜூன்லேர்ந்து கேக்கறேன்" என்றார் அப்பா.

அந்த மாலை நானும் பேருந்தில் அவரோடு இருந்தேன். இடைவேளைக்கு முன்னால் செக் அணி கோல் போட்டது. அப்பா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "துணி எல்லாம் எடுத்து வெச்சியா?" என்று கேட்டார். "எப்பவோ வெச்சுட்டேன்" என்றேன். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று பிளம் ஜாம் வாங்கிப் போவதைப் பற்றிப் பேசினோம். அந்தப் பேச்சு பாதியில் இருக்கும்போது மைதானம் அதிர்ந்தது. ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிஷங்களில், கார்னரில் வந்த பந்தை யாருடைய முழங்காலோ உள்ளே தள்ளியது. மைதானத்துச் சுவரை ஒட்டி நின்ற பேருந்தின் கண்ணாடிகள் நடுங்கின. அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார்.

சிறிதுநேரத்தில் கூட்டம் பேருந்தைச் சூழ்ந்துகொண்டது. அவரை இழுத்து இறக்கித் தோளில் தூக்கினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொன்னது பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மிஸ்டர் அழுதுகொண்டே கீழிருந்து கத்தினார்: "அண்ணே! பிப்ரவரியிலயும் அதே தெரு! அதே மாதிரி பின்னாடி! நீங்க மட்டும்தான்!"

மறுநாள் நகராட்சி, பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு வைத்து, பிப்ரவரிவரை மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சூளைத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. அங்கே ஒருவரும் முறையிடவில்லை.

அப்பா அம்மாவுக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"எவ்வளவுக்கு எவ்வளவு?" என்று அவளே கேட்டாள்.

"ரெண்டுக்கு ஒண்ணு."

"அந்த பஸ் முதலாளி வேற டிரைவரைச் சேர்த்துக்கிட்டாரு, அவ்ராம். காலையிலதான் சொன்னாரு." பிறகு, "பொண்ணையாவது அனுப்பு" என்றாள்.

ஜனவரியில் ஒரு காலை தோரினோ போகும் பேருந்தில் நான் ஏறினேன். என்னை வழியனுப்ப அப்பா நிலையத்துக்கு வந்தார். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். பெட்டி கனமாக இருந்ததால் அதை மேலே ஏற்றி வைக்க அவர் படியில் கால் வைத்தார்.

"அண்ணே, அண்ணே, நீங்க எங்க ஏறறீங்க?" என்று ரொட்டிக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே அவருடைய கோட்டைப் பிடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். யாரோ என் பெட்டியை வாங்கி மேலே வைத்தார்கள்.

பேருந்து கிளம்பியபோது அவர் எனக்குக் கையசைத்தார். ரொட்டிக் கடைக்காரர் கோட்டை இன்னும் விடவில்லை.